மடியில் ட்றம்ஸ்: லா சப்பலில் இருந்து சென் தெனி வரை

2014 ஜூன், ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் இருந்து வந்த ரயில் காலை பதினொன்றே முக்காலுக்கு என்னைப் பாரிசில் இறக்கிவிட்டது. அங்கிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடை. முதல் கடையிலேயே ஆட்டிறைச்சி ரோல் இரண்டு வாங்கினேன். ஒன்று ஒன்றரை யூரோ. பாரிசுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எழுதும் அந்தக் கோபுரத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. என் சித்தியின் மகன் அன்ரன் ட்றம்ஸ் அடிப்பதைப் பார்க்கத்தான் வந்தேன்.

அன்ரன் மன்னார்க்காரன். கிழமை நாட்களில் உணவகச் சமையலறை. சனிக்கிழமைகளில் வில்லியே லே பெல் என்ற புறநகரில் எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கு ட்றம்ஸ். 2009இல் சென் தெனியில் பதினேழு பேர் சேர்ந்து வாசிக்கும் ஜாஸ் குழு ஒன்று, தன் ட்றம்ஸ்காரர் வராத நாளில் இவனைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து இவன் மாற்று ஆள். இப்போது அந்த மனிதர் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடம் அன்ரனுக்கா இன்னொருவருக்கா என்பதை இன்றைய கச்சேரி முடிந்ததும் குழுத் தலைவி சொல்லப்போகிறார்.

என்னைக் கூட்டிப்போக அந்தக் கடைக்கே வந்த அன்ரன் தேத்தண்ணி மட்டும் குடித்தான்.

“பயமோடா?”

“இல்லை அண்ணை. எனக்கு அடிக்கத் தெரியும். அது அவையளுக்கும் தெரியவேணும், அவ்வளவுதான்.”

மூன்று மணிக்கு ரூ பஜோல் தெருவில் இருந்து வான் புறப்பட்டது. மாற்று ஆள் தன் ட்றம்ஸைத் தானே கொண்டுபோய்த் தானே திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆறு கிலோமீற்றர்தான் தூரம், ஆனால் நெரிசலில் நாற்பது நிமிடம். என் மடியில் சின்ன ட்றம். அன்ரனின் மனைவி ரஞ்சியின் மடியில் சிம்பல் தட்டுகள் இருந்த பை. அவளுடைய மாமா பெரிய ட்றத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். பின்னால் இன்னும் இரண்டு வான்களில் சொந்தக்காரர்.

கச்சேரி தொடங்கி மூன்றாவது பாட்டில் வந்தது வினை. கல்யாண மண்டபத்தில் நாங்கள் கைதட்டி வேகம் கூட்டினால் அன்ரனும் கூட்டுவான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். மாமா தட்டத் தொடங்கினார், முப்பது பேரும் சேர்ந்துகொண்டோம். வேகம் ஏறியது. ட்ரம்பெட்காரர் ஒருவர் எங்களோடு முந்தி ஓடினார். தலைவியின் முகம் இறுகியது.

அன்ரன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பிடித்த வேகத்தை விடவும் இல்லை. பியானோ தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் சத்தத்தை மட்டும் குறைத்தான், இன்னும் குறைத்தான். அவன் அடிப்பது எங்களுக்கே கேட்கவில்லை.

ரஞ்சி மாமாவின் கையைப் பிடித்தாள். “மாமா, கையைச் சும்மா வைச்சிருங்கோ. அவர் அடிக்கட்டும்.”

நாங்கள் அடங்கினோம். அவன் ஒரே ஓர் அடி போட்டான். ஊதுகுழல்கள் அத்தனையும் அந்த அடியில் ஒன்றாக வந்து விழுந்தன. எனக்குப் புல்லரித்தது, பெருமையில் கண்ணும் கலங்கியது.

கச்சேரி முடிந்து அவன் சிம்பலைக் கழற்றும்போது தலைவி வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ரஞ்சி எங்களிடம் ஓடி வந்தாள்.

“கழட்ட வேண்டாமாம். ட்றம்ஸ் இனி இஞ்சையே இருக்கட்டுமாம்.”

“களவு போகாதோ?” என்றார் மாமா.

“ஐயோ மாமா, இடம் அவருக்குத்தானாம்!”

திரும்பும் வழியில் அன்ரன் பசிக்கிறது என்றான். எஞ்சியிருந்த ரோலைக் கொடுத்தேன். இரண்டு கடியில் முடித்தான். வானில் இப்போது காலை நீட்ட இடமிருந்தது. மாமா மட்டும் பழக்கதோசத்தில், இல்லாத ட்றத்தைக் கட்டிப்பிடித்தபடியே லா சப்பல் வரை வந்தார்.