தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு முகம்

கமருன்னிஸாவின் மகன் அஸார் துபாயில் இறந்து, அங்கேயே அடக்கமானான். வீட்டில் உருவப்படம் மாட்டக் கூடாது என்பது கணவர் மீரா சாகிப்பின் கண்டிப்பு. ஆனால் ஊர் ரயில் நிலையச் சுவர் ஓவியத்தில், நாற்று நடும் பெண்களுக்குப் பக்கத்தில், பையோடு தஞ்சாவூர் ரயிலுக்குக் காத்திருக்கும் அஸார் இருந்தான். அவன் புறப்பட்ட அன்று அங்கே படம் எழுதிக்கொண்டிருந்த ஓவியர், அவனைப் பார்த்தே வரைந்த முகம் அது. மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் வந்து பார்ப்பாள்.

அன்று அந்தச் சுவரை ஒட்டிக் குடிநீர்த் தொட்டி கட்டச் செங்கல் இறக்கியிருந்தார்கள். பதறி ஓடினாள். அங்கே ஒருவர் கொத்தனாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மீரா சாகிப்!

"கொஞ்சம் தள்ளிக் கட்டேன் தம்பி. அது எம் புள்ளை."

"குழாய் இங்கதானே வருது பாய். நான் என்ன செய்ய?"

மனைவியைக் கண்டதும் அவர் தலைகுனிந்தார். "தொழுதுட்டு தெனமும் இங்கதான் வருவேன்" என்றார்.

ஒரே துக்கத்தை இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து அழுதிருக்கிறார்கள். கமருன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டுங்க தம்பி. நாலு பேர் தாகம் தீர்ற நன்மை அவனுக்குப் போய்ச் சேரட்டும்."

செங்கல் வரிசை மெல்ல உயர்ந்தது. முகம் மறையும்வரை இருவரும் முதன்முறையாகச் சேர்ந்து நின்று மகனைப் பார்த்தார்கள்.