பணியாளர் புலம்பல்

எங்கள் அப்பு இறந்த செய்தி வந்தபோது யாழ்ப்பாணம் முழுதும் அழுதது. அந்த அழுகையில் எது கண்ணீர், எது கடமை என்று பிரித்தறிய எனக்கு அன்றே தெரிந்திருந்தது.

அப்பு என்று நான் எழுதுவது என்னைப் பெற்றவரை அன்று. பெற்றவர்கள் வாந்திபேதியில் போனார்கள். அவர்களுடைய முகம் எனக்கு நினைவில்லை. வட இந்தியாவின் பனிமலைகளில் ஏறிப் பெயர்பெற்ற வெள்ளைக்கார டாக்குத்தர் ஒருவர், உடம்பு தேற யாழ்ப்பாணத்துக்கு வந்தவர், அந்த வாந்திபேதியைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டார். தொண்டைமானாற்றில் வீடெடுத்து, தாய் தகப்பனற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். கோயிலுக்கும் போகமாட்டார், மிஷன் தேவாலயத்துக்கும் போகமாட்டார். எங்களில் எவர் என்ன சாதி என்று அவர் கேட்டதில்லை. எங்களோடு ஒரே பந்தியில் இருந்து உண்டார். மற்றெல்லாவற்றையும் பொறுத்த ஊர் இந்த ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் மலைக்குப் போவார். கடைசி முறை பனிச்சரிவு கொண்டுபோய்விட்டது. உடலும் கிடைக்கவில்லை. கடலுக்கு அப்பாலுள்ள பத்திரிகைகள் அவரைப் பெரியவர் என்று எழுதிய பிறகே அவர் பெரியவர் என்பது எங்கள் கனவான்களுக்குத் தெரிந்தது. பனைக்கு மேல் உயர்ந்த எதையும் காணாத நாடு இது. மலை என்று பெயர் வைத்த கீரிமலையிலும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை. இறங்கிக் குளிக்கக் கேணிதான் இருக்கிறது. ஆயினும் அவர்கள் மலையேறியவருக்கு இரங்கற் கூட்டம் கூட்டவும், கல்வெட்டு அச்சிடவும் தீர்மானித்தார்கள்.

கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதன்று. மதிப்புள்ள ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குப் புலவரைக் கொண்டு பாடுவித்து அச்சிடும் சிறு புத்தகம். முதலில் வம்ச வரலாறு; பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று உறவு முறைப்படி பாட்டுகள் வரும். இறந்தவருக்கு யார் என்ன உறவு என்பதை ஊர் பிறகு அதைப் பார்த்தே தீர்க்கும். கலியாணம் பேசுகிறவர்களும் அதையே புரட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு அப்போது கலியாணம் பேசி வந்திருந்தது. அப்புவிடம் மருந்து கட்டப் பழகிய அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். மாப்பிள்ளை உரும்பிராயில் வாத்தியார், அவருக்குச் சம்மதம். தாய்தான், "கல்வெட்டு வரட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டார். டாக்குத்தரின் பிள்ளை என்று அச்சில் வந்தால் அக்கா அந்த வீட்டுக்கு மருமகள். வராவிட்டால் ஆரோ பெற்ற அனாதை.

கல்வெட்டுக் கமிற்றிக்குத் தலைவர் நகரத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவர். வாந்திபேதிக் காலத்தில் தம் நல்லதண்ணீர்க் கிணற்றடிப் படலைக்குப் பூட்டுப் போட்டவர். பனிக்கட்டி வெட்டும் கோடரியோடு போய் அந்தப் பூட்டை உடைத்தவர் அப்பு. இப்போது பிரக்கிராசியார் அவரை ஆருயிர் நண்பர் என்று அழைத்தார்.

அவரே என்னைத் தம் வீட்டுக்கு அழைப்பித்தார்.

"தம்பி, நீர்தான் பேசவேணும். கொலிச்சுப் பேச்சுப்போட்டியிலை தங்கப்பதக்கம் எடுத்த வாயெல்லோ."

"பேசுறன், ஐயா. கல்வெட்டிலை மக்கள் புலம்பல் எண்டு எங்கடை பாட்டு வரவேணும்."

மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த புலவர் சிரித்தார். "பாட்டிலை இடமிருக்கு, தம்பி. ஊரிலைதான் இடமில்லை."

"வெள்ளைக்காரனை அப்பு எண்டு கூப்பிட்டால் பிள்ளையாகிவிடலாமோ?" என்றார் பிரக்கிராசியார். "என்ரை மாடும் என்னைப் பாத்து அம்மா எண்டுதான் கத்துது."

"உங்கடை மாட்டை நீங்கள் கட்டி வைச்சிருக்கிறியள், ஐயா. எங்களை அவர் பக்கத்திலை இருத்திச் சோறு போட்டவர்."

அங்கே கூடியிருந்த கமிற்றியார் சிரித்துவிட்டார்கள். பிரக்கிராசியாரின் காது சிவந்தது. "இண்டைக்குப் பிள்ளையள் எண்டு போட்டால் நாளைக்கு என்ரை பந்தியிலையும் வந்து இருப்பியள்" என்று முணுமுணுத்தார். பிறகு குரலை மாற்றினார். "சரி, விடும். மக்கள் புலம்பல் எண்டே போடுவம். நீர் பேச்சைப் பாரும்."

வாதத்தில் வென்றேன் என்று வீடு திரும்பினேன். அக்கா அன்று மீன் பொரித்தாள்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளையுடுத்து இருந்தார்கள், அவர்கள் நடுவே அக்கா, பின்வரிசையில் உரும்பிராயார். தலைவர் பேசிக்கொண்டிருக்கையில் கல்வெட்டுகள் கைக்குக் கை வந்தன. நான் மேடையில் இருந்து புரட்டினேன். வம்ச வரலாற்றில் புலவர் அப்புவைச் சூரிய குலத்தில் பிறப்பித்திருந்தார். நண்பர் புலம்பல் பக்கம் பக்கமாகப் போயிற்று. மக்கள் புலம்பல் இல்லை. கடைசிப் பக்கத்தில், அச்சுக்கூடத்தின் விலாசத்துக்கு மேலே, பொடி எழுத்தில் பணியாளர் புலம்பல் என்று இருந்தது. அவருடைய எச்சிற்சோறு உண்டு வளர்ந்தவர்கள் என்று எங்களைப் பாடியிருந்தார்கள்.

பின்வரிசையில் வாத்தியார் தாய்க்கு அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டுவதைக் கண்டேன். தாய் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

என் பெயரை அழைத்தார்கள். வாரக்கணக்காகத் தீட்டிய பேச்சு நாவில் இருந்தது. அவையைக் கட்டிப்போடச் சொல்லைவிட மௌனம் வலியது என்பது கொலிச்சில் எனக்குக் கற்பித்த பாடம். அன்று மௌனத்தையே பேச்சாக்கினேன். கல்வெட்டை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தேன். கடைசிப் பக்கத்தை விரித்துத் தலைவருக்கு முன்னே மேசையில் வைத்தேன். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கினேன். இதைவிடக் கூரிய சொல் தமிழில் இல்லை என்று நம்பினேன். மண்டபமும் மூச்சடங்கிக் கிடந்தது.

பிரக்கிராசியார் எழுந்தார். சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"சபையோரே, பாத்தியளே! தங்கப்பதக்கம் எடுத்த வாய் இண்டைக்குத் திறக்கேல்லை. எசமானிலை இவ்வளவு விசுவாசம் வைச்ச பணியாளை எங்கை காணலாம்? துரை குடுத்து வைச்சவர்!"

பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் எழுந்தது. "பாவம், வேலைக்காரப் பெடியன்" என்றது ஒரு குரல். "ஆராவது ஒரு சோடா உடைச்சுக் குடுங்கோவன்" என்றது இன்னொன்று. யாரோ என் தோளைத் தட்டினார்கள். நான் திரும்பி, "நான் அழேல்லை" என்று சொன்னேன். அதைக் கேட்டவர்களுக்கு அழுகை இன்னும் கூடிற்று.

கூட்டம் கலைந்தபோது வாத்தியாரின் தாய் அக்காவிடம் வந்தார். கோபமோ இகழ்ச்சியோ அவர் முகத்தில் இல்லை. உண்மையான கனிவே இருந்தது. "நல்ல விசுவாசமான பிள்ளையள் நீங்கள். கடவுள் உங்களைக் கைவிடார்" என்று சொல்லி, முன்னே போன மகனைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளோடு வண்டியில் தொண்டைமானாற்றுக்குப் போகும் வழி முழுதும், மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வசனங்களை ஒவ்வொன்றாக அக்காவுக்குச் சொல்லிக் காட்டினேன். அவை மிக நல்ல வசனங்கள். இப்போதும் அப்படியே நினைக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"காணும், நிப்பாட்டு" என்றாள் கடைசியில். "பிள்ளையள் நித்திரை."