அம்மா தள்ளிப்போட்ட அழுகை

தம்பியைத் துணியில் சுற்றிப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போன காலையில் அம்மா எனக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். கேழ்வரகுக் கட்டியை மோருக்குள் விரலால் நசுக்கினாள். அப்பாவும் பெரியப்பாவும் மேட்டைத் தாண்டும்வரை அவள் தலை நிமிரவில்லை. கட்டியெல்லாம் கரைந்த பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு அம்மை. எங்கள் வீட்டில் முதலில் தம்பிக்கு, பிறகு எனக்கு. அம்மை கண்ட வீட்டில் மாரியாத்தா வந்து தங்கியிருக்கிறாள் என்பார்கள். தாளிக்கக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அழக் கூடாது. சாவே விழுந்தாலும் ஒப்பாரி கிடையாது. அழுகைச் சத்தம் கேட்டால் ஆத்தா கோபித்துக்கொண்டு அடுத்த பிள்ளையையும் கொண்டுபோய்விடுவாளாம். அடுத்த பிள்ளை நான். உடம்பெல்லாம் கொப்புளமாக வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். பெற்ற பிள்ளை போகிறது, இருக்கிற பிள்ளைக்காக வாயைக் கட்டிக்கொள் என்றால், என்ன ஞாயம் இது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் விம்ம ஆரம்பித்ததும் அம்மா பதறிப்போய்க் கூழை என் வாயருகே கொண்டுவந்தாள். "அழுவாத சாமி. ஊட்டுல ஆத்தா இருக்கா. அப்புறமா நாம ரெண்டு பேரும் சேந்து அழுதுக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு எந்தத் தாய் முகத்திலும் வரக் கூடாது.

எனக்கு அம்மை இறங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "இனி அழுதுக்கக்கா, உள்ளயே வச்சுக்காத" என்றாள். அம்மா அவள் தோளில் சாய்ந்தாள். "அடுத்த ஊட்டுல இன்னும் ஆத்தா இருக்காளே" என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டாள். பிறகு ஊரை விட்டே அம்மை போனது. அம்மா அழவே இல்லை.

அதற்கப்புறம் நான் காலில் முள் ஏறி அழுதுகொண்டு வந்தாலும், "சத்தம் வேண்டாங் கண்ணு" என்பாள். அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். பயந்துபோய் வாசலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பயத்தைப் பார்த்தே என் அழுகை நின்றுவிடும். அம்மா கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன், அது தானாக ஒட்டிக்கொண்டது. திருப்புலி நாட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன். ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. "கல்லு நெஞ்சுக்காரி" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும், ஊர் வாயை நான் மூடவா முடியும்! உள்ளே நான் செத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு என்ன தெரியும்?

அம்மா படுத்த படுக்கையான சேதி வந்ததும் என் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு மத்தியானம் என் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"கண்ணு, உனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சும்மா. நான் நல்லா இருக்கேன்."

"அப்ப நான் அழுதுக்கட்டுமா?"

"அழும்மா. நல்லா அழு."

வாயைத் திறந்தாள். முகம் கோணியது, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எப்படி அழுவது என்றே மறந்துபோயிருந்தாள், பாவி மகள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கால்மாட்டில் என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாயி, அம்மாயி என்று என் அம்மாமேல் அவளுக்கு உயிர். "அழு சாமி. ஆரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ அழுவுலியே, அம்மா" என்றாள்.