ஓட்டியது நான்தான்

நாற்பது கடந்தபிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். கற்றுக்கொண்டேன் என்பது என் தரப்பு. குறுக்கே ஆள் வந்தால் ஹாரன் அடிப்பேன்; பிரேக் என்று ஒன்று இருப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவனுக்கு வேறெப்படி வண்டி ஓட்ட வரும்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகிற வழியில், ஒரு வளைவில், சைக்கிளில் வந்த ஒற்றசேகரமங்கலத்து ரப்பர் பால்வெட்டுக்காரர்மேல் நீண்ட ஹாரனோடு போய் மோதினேன். சைக்கிள் ஓடைக்குள் போனது. அவர் சாலையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

சட்டம் சொல்வது எளிது. வண்டியை நிறுத்து, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, போலீசில் சொல், கேட்டால் லைசென்சையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் கொடு. கூட்டம் அடிக்க வந்தால் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. எனக்கு அந்தச் சலுகையும் வாய்க்கவில்லை. கூடிய கூட்டம் அடிக்க வரவில்லை. வழி சொல்ல வந்தது.

"சாறே, நேரே விடுங்கோ," என்றார் டீக்கடைக்காரர். "களியக்காவிளை வந்தா தமிழ்நாடு. செக்போஸ்டு தாண்டிட்டா இந்தப் போலீசு என்னத்தச் செய்யும்? எல்லாரும் செய்யக்கூடியது அதாக்கும்."

"எல்லாரும் போவட்டும். நான் போவ மாட்டேன்."

பால்வெட்டுக்காரரைத் தூக்கி என் காரில் ஏற்றப் போனோம். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரா ஓட்டப் போறாரு? மக்கா, ஒரு ஆட்டோ விளியுங்கலே!"

ஆட்டோவில் போனோம். எலும்பு முறிந்திருந்தது. ஓணம் கழியாமல் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். வெட்டு இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தந்தால்தான் உண்டு. அதற்குக் கேசில் பொய் இருக்கக் கூடாது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அதற்குள் சேதி எட்டி, வாசலில் என் மனைவியின் தம்பி நின்றான். வேன்களை வாடகைக்கு விடுகிறவன். பக்கத்தில் அவனுடைய டிரைவர், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி.

"அத்தான், நீங்க வீட்டுக்குப் போங்கோ. இவன் ஓட்டினான்னு எழுதிக் குடுப்போம். இவனுக்குப் பழக்கம் உண்டு."

"ஓட்டினது நானாக்கும்."

"அது ஆருக்கு வேணும்? கோர்ட்டு கேறி இறங்கணும். காலேஜில அறிஞ்சா மானம் போவும்."

"போவட்டும்லே. நாளைக்கு ஒரு வக்கீலு, இவன் ஓட்டலேன்னு கண்டுபிடிச்சா, அந்த மனுசனுக்குச் சல்லிக்காசு கிட்டுமா?"

உள்ளே போய் ஹெட் கான்ஸ்டபிளிடம் என் கடமைகளை வரிசையாக ஒப்பித்தேன். அவர் பேனாவை மூடிவைத்தார். தானாக வந்து நிற்கிற டிரைவர்கள் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட வண்டியை ஓட்டியவராக இருந்ததில்லை.

"ஆரெ ரட்சிக்கானா சாறே வந்நது?" என்றார். யாரைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்! நான் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "மகன் ஓட்டினானா?"

"எனக்கு மகனே இல்லை."

"அப்போ வீட்டம்மாவா?"

"அவளுக்கு ஓட்டத் தெரியாது."

வாசலில் நின்ற டிரைவரை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, அவனா? போன தடவையும் அவன்தானே வந்தான்!"

"ஓட்டினது நான். அதை எழுதாம இங்கேருந்து எழும்ப மாட்டேன்," என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மைத்துனன் ஜன்னல் வழியாகக் கண்ணாலேயே கெஞ்சினான். சாப்பாட்டு நேரம் போனது. நான் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான இடத்தில் பிரேக் போட்டிருந்தேன்.

கடைசியில் அவர் சலித்துப்போய்த் தொப்பியை எடுத்தார். "வாங்க. அடிபட்டவன்கிட்டயே கேப்போம்."

ஆஸ்பத்திரியில் பால்வெட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். ஹெட் கான்ஸ்டபிள் என்னையும், மைத்துனனின் டிரைவரையும் கட்டிலருகே நிறுத்தினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஓட்டினது இதில ஆரு?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பால்வெட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"இந்தச் சாறுதான் ஏமானே. வேற ஆரு ஓட்டியிருந்தாலும் நான் தப்பியிருப்பேனாக்கும்."