பலாமரத்து மேட்டில் ஏறிய வண்டி

அண்ணனின் ஓராண்டு நினைவில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உற்றார், நண்பர்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னது அண்ணி. "அந்த வண்டியப் பத்தி எழுதாம விட்டியன்னா அவரு கோவிச்சுக்குவாரு" என்றும் சொன்னார். வண்டியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி யாரால் எழுத முடியும்?

அண்ணன் உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு, மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அம்மாவைக் கடைசிவரை பார்த்ததும் அவர்தான். கோபம் வந்தால் பேசமாட்டார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியடியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அண்ணியை ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வந்தார். மேட்டில், பலாமரத்தடியில், வண்டி இருவரையும் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. அண்ணி பட்டுச்சேலையோடு அர்ச்சனைத் தட்டை ஏந்தி நடந்து வர, அண்ணன் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. அண்ணி இறங்காமல் அந்த மேட்டை ஏறிக் காட்ட வேண்டும் என்று அன்றே வைராக்கியம் பிடித்துக்கொண்டார்.

"வேற வண்டி வாங்கலாமே அண்ணே" என்றேன்.

"இதுதானே அவள இறக்கி விட்டுச்சு. இதுதான் ஏத்தணும்."

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வண்டிக்கே போயின. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார். சிலிண்டரின் மூடியான ஹெட்டை லேத்தில் சீவினார். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை அரத்தால் தேய்த்தார். ஒருமுறை பிஸ்டனை அளவுக்கு மீறி இறுக்கமாகப் பொருத்திவிட்டார். சூடேறியதும் அது உள்ளேயே கவ்விக்கொண்டது. இன்னொருமுறை ஸ்டார்ட் பண்ண மிதித்த கிக்கர் திருப்பி அடித்து, வாரம் முழுக்க நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார். குசினியில் மல்லித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் பிஸ்டன் வளையங்கள் கிடக்கும். அண்ணி ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நினைவு மலரில் பொய் எழுதக்கூடாது.

எத்தனை செய்தும், கோயிலுக்கு வரும்போதெல்லாம் வண்டி பலாமரத்தடியில் நின்றுதான் போனது. ஒரு தைப்பூசத்தன்று நான் கோயில் வாசலில் நிற்கும்போது கீழே வண்டிச் சத்தம் கேட்டது. பலாமரம் வரை வந்தும் சத்தம் தளரவில்லை. பிறகு சட்டென்று அடங்கியது. "போச்சு" என்று நினைத்து ஓடினேன். அண்ணி மரத்தடியில் உட்கார்ந்திருக்க, அண்ணன் திருதிருவென விழித்தபடி நின்றார்.

"நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்றார் அண்ணி. "எப்பவும் இங்கனதானே நின்னு மூச்சு வாங்கி, ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு வருவோம். ஒரே இழுப்புல போயிட்டா அது இல்லையே."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எஞ்சினப் பிரிச்சே இருக்க மாட்டேனே!" என்றார் அண்ணன். சூடேறிய எஞ்சின் அதற்குமேல் கிக்கருக்கு மசியவில்லை. அன்றும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அண்ணன் சிரித்த சிரிப்பு கோயில் வரை கேட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் மரத்தடியில் தாமாகவே நிறுத்தினார்.

நெஞ்சுநோய் வந்தபிறகு கிக்கர் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி மிதிக்கப் பழகினார். அண்ணன் கதிரையில் இருந்தபடி சத்தத்தைக் கேட்டு, "வால்வு தட்டுது" என்று குறையும் சொல்வார். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எங்களை விட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எங்களோடு அலைந்த அயலவர்கள், கடை முதலாளி, சமைத்துக் கொண்டுவந்த சிங்கள, முஸ்லிம் சகோதரிகள், கிரியைகளை முன்னின்று நடத்திய தோட்டத்து மக்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள், கோயிலுக்குப் போக அண்ணிக்கு த்ரீவீலர் கொண்டுவந்தோம். மேட்டின் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டார். "நான் நடந்து வர்றேன்" என்றார். பலாமரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார். தனக்குள் ஏதோ இரண்டு வார்த்தை பேசினார். பிறகுதான் மேட்டை ஏறினார்.