கலவன் என்று பிடுங்கிய பதினேழு செடிகள்

விதை வயலில் இருபது வருஷம் நின்றவனுக்கு ஒரு வியாதி வரும். ஒரு செடி மற்றதைவிட ஓங்கி நின்றால் அது கலவன், வேறு ரகம் கலந்து முளைத்தது. கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும்.

விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். மறுநாள் பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள், கம்பு பிளாட்டைச் சுத்தம் பண்ணு என்றார் மேனேஜர். களை எடுக்க வந்த செல்லம்மாளோடு இறங்கி, தலைதூக்கி நின்ற பதினேழு செடியைப் பிடுங்கினேன். ஒவ்வொன்றின் அடியிலும் அடையாளத்துக்கு நம்பர் எழுதிய ஓட்டுச் சில்லு இருந்தது. அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. பிடுங்கியதை வழக்கம்போல் செல்லம்மாள் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் திட்டக்குடியிலிருந்து கவிதா மேடம் போன் பண்ணினார். அது அவருடைய பிஎச்.டி. பிளாட்.

"அண்ணே, நாளைக்கு ஜீன் டெஸ்டுக்கு இலை எடுக்க வரேன். உசந்த செடிக்கு மட்டும் நூல் கட்டி வச்சிடுங்க. எல்லாமே அதுலதான் இருக்குது."

மேடம் குட்டைக் கம்பையும் நெட்டைக் கம்பையும் இனக்கலப்பு செய்து, பேரப்பிள்ளைத் தலைமுறை வரை கொண்டுவந்திருந்தார். அதில் சில செடிகள்தான் இரண்டையும் மிஞ்சி வளரும். எந்த ஜீன் அப்படி வளரவிடுகிறது என்று கண்டுபிடித்தால்தான் தீவன மகசூலைக் கூட்ட முடியும். பிடுங்கியது எல்லாம் அந்தச் செடிகள்.

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டேன். பன்றி மேய்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

காலையில் ஆபீசர்கள் வரப்பில் நின்று, பிளாட் என்றால் இப்படி ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று பாராட்டினார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார். மேடம் மட்டும் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க பிடுங்கினேன். கலவன்னு நெனச்சுட்டேன்."

செடி எங்கே என்று மட்டும் கேட்டார் மேடம். செல்லம்மாள் வூட்டுக்கு ஓடினோம். தொட்டியில் மிஞ்சியிருந்தது மூன்று தூர். மற்றதை விடியற்காலையில்தான் மாட்டுக்குப் போட்டாளாம்.

மேடம் அந்த மூன்றையும் ஈரச்சாக்கில் சுற்றினார்.

"நேத்து போன்லயே சொல்லியிருந்தா பதினேழும் கெடச்சிருக்குமே அண்ணே."

பிடுங்கியது பழக்கதோஷம். அதை யாரானாலும் மன்னிப்பார்கள். ஒரு ராத்திரி வாய் திறக்காமல் இருந்தேனே, பதினாலு செடி போனது அதனால்தான். வயலில் தப்பு நடந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள்.