முத்துராஜின் வண்டிக்குப் போர்த்திய சாக்கு

வண்டி நிறுத்தும் தொழிலில் திருடனைச் சமாளித்துவிடலாம். அவன் எப்போதாவதுதான் வருவான், துருவைக் கொண்டுவரும் ஈரக்காற்று தினமும் வரும். எம். புதுப்பட்டியில் பள்ளிக்கூட டீச்சரான என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. தூரதேசம் பிழைக்கப் போகிறவர்கள் பைக்கை அங்கே விட்டுப் போகிறார்கள். பல மாதம் பூட்டிவைத்த வண்டியைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல.

ஒப்படைப்பு

செல்வி பட்டாசு கம்பெனியில் திரி வெட்டுகிறவள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். கணவன் முத்துராஜ் குவைத்துக்குப் போய்விட்டான், வர இரண்டு வருடமாகும். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஆசையாக வாங்கிய ஒரே பொருள் அந்த வண்டி.

"பஸ் ஏறும்போது என்னைய ஒரு தடவதான் திரும்பிப் பாத்தாக டீச்சர், வண்டிய ரெண்டு தடவ பாத்தாக. இதுல ஒரு பொட்டுத் துரு இருந்தா நான் என்ன பதில் சொல்ல?"

பாலித்தீன்

முதலில் அவளே ஒரு பாலித்தீன் தாளைக் கொண்டுவந்து, மூச்சுவிட இடமில்லாமல் வண்டியைச் சுற்றிக் கட்டினாள். தகரம் பகலில் கொதிக்கும், விடியலில் சில்லிடும். மண் தரையிலிருந்து எழுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் தாளின் உட்புறமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். நல்லவேளை, துருவுக்கு முன்பே நாங்கள் வந்துவிட்டோம்.

"ஊருக்குள்ள ஒரு தூத்தல் இல்ல. இதுக்குள்ள மட்டும் எப்படி டீச்சர் மழை பேஞ்சுச்சு?"

எண்ணெய்

துணியில் தொட்டு லேசாக எண்ணெய் தடவுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஏழாயிரம்பண்ணை லாரி டிரைவர் கருப்பசாமி, வடக்கே லோடு ஏற்றிப் போகுமுன் தன் வண்டிக்குத் தாராளமாகவே தடவினார். பிரேக் டிஸ்க்கையும் விடவில்லை. நான்கு மாதம் கழித்து வந்து, வண்டியை எடுத்து, நேராக எதிர்வீட்டு வைக்கோல் படப்பில் போய் நின்றார்.

"துருவே இல்ல டீச்சர். முன்னவிட நல்லாப் போகுது. நிக்கத்தான் மாட்டேங்கு."

சாக்கு

இரண்டாவது வருடம் ஐப்பசி பிறந்ததும் செல்வி கம்பெனியிலிருந்து நான்கு காலிச் சாக்குகள் கொண்டுவந்தாள். பாலித்தீன் போலில்லை, காற்றுப் போகும் என்றாள். சரி என்றேன். நானே ஒரு முனையைப் பிடித்துப் போர்த்தினேன்.

அவை பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு வந்த சாக்குகள். எவ்வளவு உதறினாலும் உப்பு இழைக்குள் தங்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பத்து நாள் மழை. தகரத்தில் அது விழுகிற தாளத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டேன். மழை விட்ட பிறகு சாக்கைத் தூக்கினோம். ஹேண்டில்பார், ரிம், சைலன்சர் எல்லாம் செம்மண் நிறம். தப்பு என்னுடையது என்றேன். செல்வி கோபப்படவில்லை, பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க படிச்சவுக, சரின்னீக. நானும் சரின்னுட்டேன்."

வருகை

தேய்த்தோம், துடைத்தோம். துரு போன இடத்தில் புள்ளி புள்ளியாய்த் தழும்பு நின்றது. பொங்கலுக்கு முத்துராஜ் வந்தான். செல்வி கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து ரிம்மில் விரலை ஓட்டினான். விரல் பழுப்பானது. அதைப் புது பேண்ட்டிலேயே துடைத்தான். நான்கைந்து உதைக்குப் பிறகு வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"அங்கன ஏன் நிக்க? குவைத்துல நான் படுத்த கட்டிலு இதவிட மோசம், ரெண்டு வருசம் என்னையத் தாங்குச்சு. இது நம்ம ரெண்டு பேரத் தாங்காதா? ஏறு."

இப்போது வண்டி விட வருகிறவர்களிடம், கழுவி உலரவிட்டு, பிரேக்கை விட்டு மற்ற இடங்களில் லேசாக எண்ணெய் தடவி, உப்புப் படாத பருத்தித் துணியைப் போர்த்தி, வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால், துரு கொஞ்சம் தாமதமாக வரும் என்று சொல்லி அனுப்புகிறேன்.